கோடு காத்தவர்கள்

ஒரு நகரத்தின் நீண்டகாலத் திட்டமிடல் என்பது, அந்நகரம் இன்னும் 20, 30 ஆண்டுகளில் எத்திசையில் வளரும், அப்போது தெருக்களுக்கு எவ்வளவு அகலம் வேண்டியிருக்கும், குடிநீர் எங்கிருந்து வரும், மழைநீரும் கழிவுநீரும் எவ்வழியே வெளியேறும், வீடும் கடையும் தறிக்கூடமும் எங்கெங்கே அமையலாம் என்பனவற்றை முன்கூட்டியே ஆராய்ந்து, வரைபடமாகவும் விதிகளாகவும் வகுத்துவைக்கும் பணியாகும். இப்பணியின் வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் அவை நிறைவேறிய ஆண்டுகளையும் தலைநகரில் அமர்ந்து ஆணை பிறப்பித்தவர்களையும் பதிவு செய்கின்றனர். அது தேவையான பதிவுதான். ஆனால் சங்கரன்கோவில் போன்ற ஒரு நடுத்தர ஊரில் அப்பணியைத் தெருவில் இறங்கிச் செய்தவர்கள், அதாவது சங்கிலி பிடித்தவர், அளவைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவர், இரவு விளக்கில் படத்துக்கு மையிட்டவர், மனுக் கொடுக்க வந்தவருக்கு அந்தப் படத்தை வாசித்துக் காட்டியவர் ஆகியோர், கோப்பின் ஓரத்தில் ஒரு சுருக்கொப்பமாக மட்டுமே எஞ்சியிருக்கின்றனர். அவர்களுள் சிலரை அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த இக்கட்டுரையாளரின் நினைவிலிருந்து எழுதிவைப்பதும், அவர்களது வேலையைத் தமிழகத்தின் நகரமைப்பு வரலாற்றில் அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்ப்பதுமே இங்கு நோக்கம்.

திருநெல்வேலிக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் மானாவாரி நிலங்களுக்கு நடுவே அமைந்த சங்கரன்கோவில், 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவான நாள்முதல் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. உக்கிரபாண்டியன் கட்டுவித்ததாக மரபு கூறும் சங்கரநாராயணர் கோயில் ஊரின் நடுவில் நிற்க, அதனைச் சுற்றி ரத வீதிகளும், அவற்றை ஒட்டி வணிகத் தெருக்களும், அவற்றுக்கு அப்பால் நெசவாளர் தெருக்களும் அமைந்துள்ளன. ஊரின் விளிம்பிலிருந்து இராசபாளையம், திருநெல்வேலி, கழுகுமலை, புளியங்குடி ஆகிய திசைகளுக்குச் சாலைகள் பிரிகின்றன. 1927-இல் விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது கோயிலை மையமாகக் கொண்டிருந்த ஊருக்கு இரண்டாவது ஈர்ப்பு மையம் ஒன்று கிடைத்தது; நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட நிலம் கடைகளாகவும் கிட்டங்கிகளாகவும் நிறைந்தது. வற்றாத ஆறு எதுவும் அருகில் இல்லாத ஊர் இது. மழையை நம்பிய குளங்களும், அவற்றை ஒன்றோடொன்று இணைத்த ஓடைகளுமே அதன் பழைய நீர் அமைப்பு. ஊரின் திட்டமிடலைப் பற்றிப் பேசும் எவரும் இந்த ஓடைகளுக்கு மறுபடியும் மறுபடியும் திரும்பி வரவேண்டியிருக்கும்.

இவ்வூரின் மிகப் பழைய கட்டட விதி எழுதப்படாத ஒன்று. அது தேரின் அகலம். சித்திரைத் திருவிழாவிலும் ஆடித்தபசுத் திருவிழாவிலும் தேர் ரத வீதிகளைச் சுற்றி வந்து நிலைக்குச் சேரவேண்டும் என்பதால், அந்த வீதிகளில் எவரும் தம் வீட்டுத் திண்ணையையோ கடையின் படிக்கட்டையோ ஒரு குறிப்பிட்ட கோட்டுக்கு வெளியே நிலையாகக் கட்டிவிட முடிந்ததில்லை. நேரான வீதியில் தேரை இழுப்பதற்கு வடம் பிடிப்போரின் வலிமை போதும். முனை திரும்பும்போதுதான் முட்டுக்கட்டை போடுவோரின் கணக்கு தெரியவரும். முட்டுக்கட்டை என்பது ஓடும் சக்கரத்தின் அடியில் செருகப்படும் ஆப்பு வடிவிலான மரத்துண்டு. ஒரு பக்கச் சக்கரத்தைத் தடுத்து மறு பக்கச் சக்கரத்தை உருளவிட்டால் தேர் அச்சில் நின்றபடியே சற்றுத் திரும்பும். கட்டையின் பின்புறத்தில் நீண்ட கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்தவர் சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்து நடந்துகொண்டே, மேலே பார்க்காமல், தரைக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள நான்கு விரல் இடைவெளியை மட்டும் பார்த்துக் கட்டையை உள்ளே தள்ளுவார். மரம் நசுங்கும் சத்தம் கேட்ட மறுகணமே வெளியே இழுப்பார். தேர் நின்றுவிட்டால் பின்னாலிருந்து சன்னை எனப்படும் நெம்புமரத்தைச் சக்கரத்துக்குக் கீழே கொடுத்து ஏறி மிதித்து எழுப்புவர். தென்மேற்கு முனையில் ஒரு கடைக்காரர் கூரைத் தகரத்தை அரை முழம் கூடுதலாக நீட்டியிருந்தால், அதை முதலில் கண்டுபிடிப்பவர்கள் இந்த முட்டுக்கட்டைக்காரர்கள்தாம். தேரோட்டத்துக்கு முன் அவர்கள் வீதியை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, எந்தெந்த நீட்சி உள்ளே போகவேண்டும் என்று கைகாட்டிச் செல்வதும், உரியவர் மறுபேச்சின்றித் தகரத்தைக் கழற்றுவதும் இக்கட்டுரையாளர் சிறுவயதில் ஆண்டுதோறும் கண்ட காட்சி. அபராதமோ அறிவிக்கையோ இல்லாமல் ஒரு தெருக்கோடு தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டதற்குக் காரணம், அக்கோடு ஏன் அங்கே இருக்கிறது என்பது கடைக்காரருக்கும் அவர் கடையில் வேலை செய்த பையனுக்கும் ஒருங்கே தெரிந்திருந்தது என்பதே. ஆடித்தபசன்று தெற்கு ரத வீதியில் சங்கரநாராயணராகக் காட்சி தரும் இறைவனைக் காணப் பல ஊர் மக்கள் தோளோடு தோள் நெருக்கி நிற்கும்போது, அந்த அகலத்தின் தேவையை எவருக்கும் தனியே விளக்கவேண்டியிருந்ததில்லை.

எழுதப்பட்ட கோடுகளின் கதை வேறு. சென்னை மாகாணத்தில் 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் எல்லைக்கல் நடுவதற்கும், அதைப் பிடுங்குவோரைத் தண்டிப்பதற்கும், அளவையில் பிழை இருப்பதாகக் கருதுவோர் மேல்முறையீடு செய்வதற்கும் வழி வகுத்தது. அதன்கீழ் ஊரகப் பகுதிகளில் புல எண் வாரியாகவும், நகரப் பகுதிகளில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்ற வரிசையிலும் நிலம் பிரித்து எழுதப்பட்டது. இவ்வாறு நகரத்தின் ஒவ்வொரு மனையையும் தெருவையும் சந்தையும் தனித்தனி எண்ணிட்டு அளந்து பதிவதை நகர நில அளவை, பேச்சுவழக்கில் டவுன் சர்வே, என்பர். இந்த அடிப்படைப் படம் இல்லாமல் எந்த நகரத் திட்டமும் வரைய இயலாது. ஏனெனில் திட்டம் என்பது இந்தப் படத்தின் மேல் பூசப்படும் வண்ணமும் போடப்படும் கோடுமே ஆகும். 1794-இல் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் சென்னைக் கோட்டையில் தொடங்கப்பட்டு, பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளியிலிருந்து இந்தக் கலை கிளைவிட்டுக் கீழிறங்கி, சங்கரன்கோவிலின் ஒரு சந்துக்கு வந்து சேர்ந்தபோது, அதன் கருவிகள் ஒரு சங்கிலியும், பத்து இரும்பு அம்புகளும், ஒரு குறுக்குக் கோலும், ஒரு குறிப்பேடும் மட்டுமே.

அந்தச் சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்டது. அதன்படி 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். முன்னால் செல்பவர் ஒவ்வொரு சங்கிலி நீளத்துக்கும் ஓர் அம்பைத் தரையில் குத்த, பின்னால் வருபவர் அதைப் பிடுங்கிச் சேர்த்துக்கொண்டே வருவார். பின்னவர் கையில் பத்து அம்பும் சேர்ந்துவிட்டால் பத்துச் சங்கிலி கடந்தாயிற்று என்று பொருள். செயின்மேன் என்று எல்லாரும் அழைத்த சங்கிலிப் பணியாளர்களுள் ஒருவர் இக்கட்டுரையாளரின் தெருவிலேயே குடியிருந்தார். கரிசல் வெயிலில் சங்கிலி நீண்டு கொடுக்கும் என்பதையும், மதியத்தில் எடுத்த அளவைக் காலையில் சரிபார்க்கவேண்டும் என்பதையும் அவர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார். நில அளவையர் மாறி மாறி வந்தபோதும் அவர் மட்டும் மாறவில்லை. எந்தக் கல் யார் காலத்தில் நட்டது, எந்தக் கல் குப்பைமேட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, எந்த வீட்டுச் சுவருக்குள் கல்லை வைத்தே கட்டிவிட்டனர் என்பதெல்லாம் அவர் வாய்மொழியாகவே இருந்தன. அளக்கும்போது கூடும் சிறுவர்களை அவர் விரட்டுவதில்லை. "இங்க இருந்து அந்த வேப்பமரம் வரைக்கும் சர்க்கார் நிலம், மழத்தண்ணி போற பாத. நீங்க பெரியாளாயி இதுல வீடு கட்டிறப்படாது, என்னடே?" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே சங்கிலியை மடக்குவார். புறம்போக்கு என்ற சொல்லின் பொருளை, அதாவது தனியார் எவருக்கும் உரிமையில்லாத, பொதுப் பயனுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்பதை, அத்தெருச் சிறுவர்கள் பள்ளியில் கற்கவில்லை, அவரிடமே கற்றனர்.

நெசவாளர் தெருவை அளந்த நாள் இக்கட்டுரையாளருக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அத்தெரு மற்றத் தெருக்களைவிட நீளமாகவும் வளைவின்றியும் இருந்தது. அதன் அகலமும் வண்டிப் போக்குவரத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதல். புதிதாக மாற்றலாகி வந்திருந்த நில அளவையர், இவ்வளவு அகலம் இங்கு எதற்கு என்று வியந்து, ஆக்கிரமிப்பு ஏதும் பின்வாங்கியிருக்குமோ என்று ஐயப்பட்டார். செயின்மேன் அவரை மறுநாள் விடியற்காலையில் அங்கு அழைத்துவந்தார். அப்போது தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மூங்கில் தாங்கிகளின்மேல் பாவு நீட்டப்பட்டிருந்தது. பாவு என்பது தறியில் நெடுக்காக ஓடவேண்டிய நூல்களின் தொகுதி. அதைத் தறியில் ஏற்றுமுன் முழு நீளத்துக்கும் விரித்துக் கஞ்சி தோய்த்துத் தூரிகையால் நீவி, இழைகள் ஒட்டிக்கொள்ளாமல் பிரித்துக் காயவைக்கவேண்டும். இருபுறமும் பெண்களும் ஆண்களும் நடந்தவாறே அறுந்த இழைகளை விரல்நுனியால் முடிந்துகொண்டிருந்தனர். வெயில் ஏறுமுன் வேலை முடிந்தாகவேண்டும் என்பதால் எவரும் தலைநிமிரவில்லை. தெருவின் நீளம் பாவின் நீளம். அகலமோ பாவும், அதன் இருமருங்கும் ஆள் நடக்கும் இடமும், ஒரு மாட்டுவண்டி ஒதுங்கிப் போகும் வழியும் சேர்ந்தது. நில அளவையர் தம் குறிப்பேட்டின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டார். விசைத்தறிகள் பெருகி, பாவு ஆலையிலிருந்தே உருளையில் சுற்றி வரத் தொடங்கியபின் அத்தெருவின் அகலத்துக்கான காரணம் மறைந்தது. காரணம் மறைந்த சில ஆண்டுகளுக்குள் இருபுறமும் படிக்கட்டுகள் முன்னேறி, அகலமும் மறைந்தது. ரத வீதியின் கோடு நின்றதற்கும் நெசவாளர் தெருவின் கோடு நிற்காததற்கும் உள்ள வேறுபாட்டை அதிகாரத்தின் கடுமையில் தேடுவது பயனற்றது என்பதே இக்கட்டுரையாளரின் முடிபு. முன்னதன் காரணம் ஆண்டுக்கு இருமுறை ஊர்கூடிப் புதுப்பிக்கப்பட்டது. பின்னதற்கு அப்படியொரு நாள் இல்லை.

இந்த உண்மையைத் தமிழகத்தின் நகரமைப்பு வரலாற்றில் மிக முன்னதாகவே கண்டவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியல் அறிஞரும் நகரமைப்புச் சிந்தனையாளருமான பேட்ரிக் கெடிஸ் (1854–1932), சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லேண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று, 1914-இல் தம் நகரமைப்புக் கண்காட்சியோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். பல்வேறு நாட்டு நகரங்களின் படங்களும் வரைபடங்களும் ஏற்றப்பட்ட கிளான் கிராண்ட் என்ற கப்பலை, அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையின்மீது குண்டு வீசிய அதே எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் அக்டோபரில் மூழ்கடித்தது. பல ஆண்டுகளாகத் திரட்டிய சேகரிப்பு முழுவதையும் இழந்தும் கெடிஸ் திரும்பிப் போகவில்லை. நண்பர்கள் மீண்டும் திரட்டியனுப்பியவற்றைக் கொண்டு 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். நகரமைப்பு என்பதைப் பொறியாளரின் அறைக்குள் நடக்கும் வேலையாகக் கருதாமல், ஊராரின் கண்முன் படமாக விரித்து, அவர்கள் பார்த்துப் பேசவேண்டிய பொருளாகக் கருதியதே அக்கண்காட்சியின் சிறப்பு.

அதன்பின் அவர் மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். சிகிச்சைக்கு முன் நோயறிதல் என்ற மருத்துவ நெறியை நகரத்துக்கும் பொருத்தி, திட்டத்துக்கு முன் கள ஆய்வு வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். நெரிசலான பகுதிகளின் ஊடாக அகன்ற நேர்சாலைகளை வெட்டித் திறக்கும் அக்கால வழக்கத்துக்கு மாறாக, பாழடைந்த ஒரு வீட்டை மட்டும் அகற்றி அங்கே ஒரு சிறு திடல் அமைப்பது, முட்டுச்சந்து ஒன்றை அடுத்த தெருவோடு இணைப்பது, கிணற்றடியையும் மரநிழலையும் காப்பது என்று சிறிது சிறிதாகச் சீர்திருத்தும் முறையை அவர் முன்வைத்தார். மக்களை வெளியேற்றாமல் நலிந்த பகுதியை மட்டும் நீக்கும் இதனைப் பேணிக்காக்கும் அறுவைச் சிகிச்சை என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார். அவரோடு இணைந்து இந்தியாவில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லான்செஸ்டர், சென்னை நகரைப் பற்றிய தம் நூலை 1918-இல் வெளியிட்டார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது.

கெடிஸின் வாழ்க்கையில் 1917 கொடிய ஆண்டு. மகன் அலஸ்டர் பிரான்ஸின் போர்முனையில் மாண்டார். சில மாதங்களுக்குள் மனைவி ஆனாவும் இந்திய மண்ணிலேயே காலமானார். அத்துயரோடுதான் அவர் இந்தூர் நகரின் பணியை மேற்கொண்டார் என்பதை எண்ணும்போது, அங்கே அவர் செய்தது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பிளேக் நோயால் நலிந்திருந்த அந்நகரில், தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் செல்லாமல், எந்தப் பகுதியில் வீடுகளும் தெருக்களும் அதிகமாகத் தூய்மைப்படுத்தப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டுள்ளனவோ அந்தப் பகுதியின் வழியே செல்லும் என்று அறிவிக்கச் செய்தார். தெய்வமும் ஊர்வலமும் தம் தெருவுக்கு வரவேண்டுமென்று மக்களே குப்பையை அள்ளினர்; பிளேக்கைப் பரப்பும் எலியின் பேருருவம் ஊர்வலத்தில் வலம் வந்தது. தேர் நிலைகொள்ளும் தேர்முட்டிக்கு அருகில் வளர்ந்த எவரும் இந்தச் செயலின் நுட்பத்தை உடனே உணர்ந்துகொள்வர். கெடிஸ் அறிவால் சென்றடைந்த இடத்தில் சங்கரன்கோவிலின் முட்டுக்கட்டைக்காரர்கள் பழக்கத்தால் நின்றிருந்தனர் என்று சொல்வது மிகையாகாது.

இங்கே மதுரையைக் குறிப்பிடாமல் மேலே செல்ல முடியாது. 1840-களில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், நெரிசலில் திணறிய நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கும் பெரும்பணியை மேற்கொண்டார். சுவரை இடித்து அகழியை நிரப்ப முன்வந்தோருக்கே அந்த நிலத்தை மனையாகக் கொடுப்பது என்ற ஏற்பாட்டினால் அரசுக்குப் பெருஞ்செலவின்றி அது நிறைவேறியது. அவ்வாறு உருவான வீதிகளுள் மாரட் வீதி அப்பணியில் ஈடுபட்ட அதிகாரியின் பெயரையும், பெருமாள் மேஸ்திரி வீதி வேலையாட்களை நடத்திய மேஸ்திரியின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. ஆட்சியரின் நினைவுக்கு விளக்குத்தூண் நிறுவப்பட்டது. மேஸ்திரி ஒருவரின் பெயர் ஒரு மாநகரின் நடுவில், நாள்தோறும் பல்லாயிரம் பேரின் வாயில் ஏறத்தாழ 180 ஆண்டுகளாக வழங்கிவருவது நம் நகரமைப்பு வரலாற்றில் அரிய நீதி. மற்ற ஊர்களின் மேஸ்திரிகளுக்கும் செயின்மேன்களுக்கும் அது வாய்க்கவில்லை.

விடுதலைக்குப் பின் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1920-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்து, சென்னைக்கு வெளியிலுள்ள ஊர்களின் திட்டமிடல் பொறுப்பை நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமும் உள்ளூர்த் திட்டக் குழுமங்களிடமும் வைத்தது. அச்சட்டத்தில் இரு நிலைத் திட்டங்கள் முக்கியமானவை. முழு ஊருக்கும் நில உபயோகத்தையும் முதன்மைச் சாலைகளையும் வகுப்பது முழுமைத் திட்டம். ஒரு குறிப்பிட்ட பகுதியின் தெருக்களையும் மனைகளையும் நுணுக்கமாக வகுப்பது விரிவு அபிவிருத்தித் திட்டம். நில உபயோகம் என்பது ஒவ்வொரு நிலமும் எப்பயனுக்கு உரியது என்ற வகைப்பாடு. வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, பொதுக் கட்டடங்களுக்குச் சிவப்பு, வேளாண்மைக்கும் திறந்தவெளிக்கும் பச்சை என்று வண்ணமிடுவது வழக்கம். வரைவுத் திட்டத்துக்கு அரசின் இசைவு கிடைத்தபின் அதனை அறிவித்து, ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் அளிக்கக் குறைந்தது 2 மாத அவகாசம் தரவேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. பொதுமக்களுக்கும் திட்டத்துக்கும் இடையே சட்டம் திறந்துவைத்த வாசல் அதுவே.

அந்த வாசலில் நின்றவர் ஒரு வரைவாளர். கல்லூரி விடுமுறைகளில் அவரிடம் எடுபிடியாக இருந்து தொழில் பழகிய இக்கட்டுரையாளர், திட்டமிடலைப் பற்றி அறிந்தவற்றுள் பெரும்பகுதி அங்கே கற்றதுதான். சாய்வான மேசையில் டிரேசிங் தாளை நான்கு முனையிலும் ஒட்டி, டி-ஸ்கொயரை இடக்கையால் அழுத்திப் பிடித்து, மைப்பேனாவை ஒரே வேகத்தில் நிறுத்தாமல் இழுப்பார். நடுவில் நின்றால் மை பரந்து கோடு தடித்துவிடும், தடித்த கோடு தெருவில் ஒரு முழத்துக்குச் சமம் என்பார். பிழையான கோட்டைச் சவரத் தகட்டின் விளிம்பால் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கிய பின்பே மறுகோடு போடுவார். படம் முடிந்தபின் அம்மோனியா பிரிண்ட் எடுப்பார்கள். ஈரம் உலராத படியை விரிக்கும்போது அந்த நெடி கண்ணைக் கரிக்கும்.

வரைவுப் படம் பார்வைக்கு வைக்கப்பட்ட நாட்களில் அதைப் பார்க்க வந்தவர்கள் முதலில் தயங்கியே நின்றனர். வண்ணங்களும் எண்களும் நிறைந்த அந்தத் தாளில் தம் வீடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே அவர்களுக்கு அரிதாக இருந்தது. வரைவாளர் மாலையில் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், வந்தவரைக் கோயில் கோபுரத்திலிருந்து தொடங்கச் சொல்லி, ரத வீதி, மணிக்கூண்டு, சந்தை என்று விரலால் நடத்திச் சென்று அவரவர் வாசலில் நிறுத்துவார். அதன் பின்னரே பேச்சுத் தொடங்கும். வீட்டுக்குள் தறி வைத்திருந்த ஒரு மூதாட்டி, தம் தெரு முழுவதும் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, "வீடுன்னு போட்டிருக்கீக, சரி. தறியும் இதே வீட்டுக்குள்ளதான ஓடுது? அத எங்க போடுவீக?" என்று கேட்டார். குடியிருப்பு, தொழில் என்று இரண்டையும் தனித்தனி வண்ணமாகப் பிரிக்கும் முறை, தறிச் சத்தத்திலேயே பிள்ளைகள் உறங்கிப் பழகிய ஒரு நெசவு ஊருக்குப் பொருந்துமா என்ற அடிப்படைக் கேள்வி அது. நகரமைப்பு வல்லுநர்கள் கலப்பு நில உபயோகம் என்ற பெயரில் நெடுங்காலம் விவாதித்துவருவதும் இதையே. வரைவாளர் அந்த மூதாட்டியின் கேள்வியை அவர் சொன்னபடியே எழுதி, கைநாட்டு வாங்கி, ஆட்சேபணை மனுவாகச் சேர்த்தார். பூ வியாபாரிகள் அதிகாலையில் மல்லிகைக் கூடைகளை இறக்க இடம் கேட்டனர். ஓர் உழவர், தம் நிலத்தின் குறுக்கே புள்ளிக்கோடாக ஓடிய உத்தேசச் சாலை தம் கிணற்றின் மேலேயே விழுந்திருப்பதைக் காட்டினார். எல்லாமே எழுதப்பட்டன. அவற்றுள் எவை ஏற்கப்பட்டன என்பதைவிட, எழுதிக்கொள்ள ஒருவர் இருந்தார் என்பதே அவ்வாண்டுகளின் சிறப்பாக இக்கட்டுரையாளருக்குப் படுகிறது. ஏனெனில் பின்னாளில் உத்தேசச் சாலைக்காக நிலம் விட்டவர்களுள் பலர், அன்று அந்தத் தாளின் முன் நின்று காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

காரணம் சொல்லப்படாத இடங்களில் நேர்ந்தது வேறு. ஊரைச் சுற்றிய மானாவாரி நிலங்கள் மனைகளாகக் கூறுபோடப்பட்ட வேகத்துக்குத் திட்டங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. இது தமிழகம் முழுவதற்கும் பொதுவான வரலாறு. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், அதனையடுத்து 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் வகுத்ததும், எவ்வளவு நிலம் திட்டத்துக்கு வெளியே கைமாறியிருந்தது என்பதைக் காட்டின. மனை வாங்கிய எளிய மக்களைக் குறைசொல்வதற்கில்லை. சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விடவேண்டிய பொறுப்பு மனை பிரித்தவருடையது. அவ்விடம் ஏன் தேவை என்று வாங்குவோரிடம் எடுத்துச் சொல்ல எவரும் இருக்கவில்லை.

மிகுந்த இழப்பு ஓடைகளுக்கே. மழை பெய்யும் சில வாரங்கள் தவிர மற்ற நாட்களில் ஓடை வெறும் பள்ளமாகத் தோன்றும்; தண்ணீர் ஓடாத ஓடையைக் காப்பது தேர் ஓடாத வீதியைக் காப்பதைவிடக் கடினம். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் குழாய் வழியே தொலைவிலுள்ள தாமிரபரணியின் நீர் வீட்டுக்கே வரத் தொடங்கியபின், மேட்டுக் குளம் நிறைந்தால் கலிங்கு வழியே, அதாவது குளத்தின் உபரிநீர் வழியும் கட்டுமானத்தின் வழியே, நீர் எங்கே போகும் என்ற கேள்வி ஊராரின் அன்றாடப் பேச்சிலிருந்து நீங்கியது. குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் ஓடையின் தடம் எதுவென்று காட்டுவதற்குச் சட்டத்தோடு ஓர் ஆளும் வேண்டும்.

நகராட்சிகளுக்கு அரசியலமைப்பு நிலையிலேயே இடம் தந்த 74-ஆவது திருத்தம் 1992-இல் நிறைவேறுவதற்கு மத்திய நகர்ப்புற வளர்ச்சித் துறையின் செயலராக இருந்து உழைத்தவர் கே.சி. சிவராமகிருஷ்ணன் என்ற தமிழர் என்பது பலர் அறியாத செய்தி. நகராட்சிகளின் திட்டங்களையும் ஊராட்சிகளின் திட்டங்களையும் ஒருங்கிணைக்க மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்று அத்திருத்தம் கூறியதில் ஆழ்ந்த நடைமுறை அறிவு உண்டு. சங்கரன்கோவிலின் ஓடை ஊராட்சி எல்லைக்குள் பிறந்து, நகராட்சி எல்லையைக் கடந்து, மறுபடியும் ஓர் ஊராட்சியின் குளத்தில் சேர்கிறது. ஊரின் எல்லைக் கோட்டோடு நின்றுவிடும் எந்த வரைபடத்திலும் அந்த ஓடை முழுமையாக இராது.

இன்று அளவைப் பணி செயற்கைக்கோள் படங்களாலும் ஆளில்லா விமானங்களாலும் நடைபெறுகிறது, சங்கிலி வழக்கொழிந்துவிட்டது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. அண்மையில் மழைநீர் வடிகால் பற்றிய ஆய்வுக்காக இளம் பொறியாளர்கள் இருவர் கணினிப் படத்தோடு ஊருக்கு வந்தபோது, தரைமட்ட அளவுகளின்படி நீர் செல்லவேண்டிய பாதையும் தெருவில் காணப்பட்ட நிலையும் ஒத்துப்போகாமல், பழைய ஆட்கள் யாரேனும் இருக்கிறார்களா என்று விசாரித்தனர். ஓய்வுபெற்று நெடுநாளாகிவிட்ட அந்தச் செயின்மேனை இக்கட்டுரையாளரே அழைத்துச் சென்றார். கண் மங்கிவிட்டதால் அவர் கணினித் திரையைப் பார்க்க விரும்பவில்லை, கைத்தடியை ஊன்றியபடி சாலையில் நடந்து, ஒரு கடைவரிசையின் முன் நின்று, "இதுக்குக் கீழ கல்பாலம் ஒண்ணு இருக்கு தம்பி. மேல தார் போட்டு மூடியாச்சு. அந்தாக்குல அந்தப் பூவரச மரம் வரைக்கும் ஓடதான்" என்றார். பொறியாளர்கள் அவர் காட்டிய இடங்களைக் கருவியில் குறித்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான இளம்பெண், ஓடை எத்தனை அடி அகலம் இருந்தது, எந்த மழைக்கு எந்த வீட்டுப் படிவரை தண்ணீர் ஏறியது, கல்பாலத்துக்கு எத்தனை கண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொன்னவற்றைத் தனி ஏட்டில் எழுதி, ஏட்டின் தலைப்பில் தகவல் தந்தவர் என்று அவர் பெயரையும் எழுதினார்.